நம் கணக்கை நாமே வாசித்தால்

(தோட்டத் தலைவர்களுக்கும் மாதர் சங்கத் தலைவிகளுக்கும் நடைபெற்ற கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை. நமது பத்திரிகைக்காகச் சற்றே சுருக்கப்பட்டது.)



"இந்தியாவுக்குப் படிக்கப் போன காலத்தில் கண்டதைப் பேசுங்க டீச்சர்" என்று கல்விப் பிரிவிலிருந்து கேட்டபோது முதலில் தயங்கினேன். வெளிநாடு போய்வந்த கதை என்றால் தாஜ்மகாலைப் பற்றிக் கேட்பார்கள். தாஜ்மகாலை நான் பார்க்கவில்லை. புலமைப்பரிசில் காசில் அவ்வளவு தூரம் சுற்றிப் பார்க்க முடியாது. 2014 நடுப்பகுதியிலிருந்து 2016 வரை சென்னையில் ஊடகக் கல்வி படித்தேன். விடுமுறை கிடைத்தபோது ரயிலேறிப் போனது மூன்றே மூன்று இடங்களுக்கு. தெலுங்கானாவில் ஒரு கிராமம், ராஜஸ்தானில் ஒரு கிராமம், கேரளத்தில் மூணாறு. நம்மைப் போலக் கூலிக்கு வேலை செய்கிறவர்கள் தங்களைப் பற்றிய செய்தியைத் தாங்களே சொல்ல என்ன வழி செய்திருக்கிறார்கள் என்று பார்க்கத்தான் மூன்று இடத்துக்கும் போனேன்.

அந்தக் கேள்வி எனக்குள் எப்போது வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் சென்னைக்குப் போய்ச் சில மாதங்கள்தான். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. விடுதிப் பிள்ளைகள் எல்லோரும் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். மண்ணுக்குள் எத்தனை பேர் என்று ஒரு செய்தி ஓர் எண்ணைச் சொன்னது, அடுத்த செய்தி வேறோர் எண்ணைச் சொன்னது. நூற்றுக்கணக்கில் சொன்னார்கள், பிறகு குறைத்தார்கள். அந்த லயங்களில் எத்தனை பேர் குடியிருந்தார்கள் என்ற கணக்கே யார் கையிலும் சரியாக இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005ஆம் ஆண்டிலேயே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது என்பது பிறகு வெளியே வந்தது. ஒன்பது வருடம். அந்த எச்சரிக்கை ஒரு துண்டுக் காணியாகவோ ஒரு வீடாகவோ மாறவில்லை. அந்தக் காகிதத்தை மாதாமாதம் ஒருவர் எடுத்து, சனத்துக்கு முன்னால் உரக்க வாசித்து, "இது என்ன ஆச்சு?" என்று கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அன்றிரவு யோசித்தேன். அப்படி வாசிக்கிறவர்களைத் தேடித்தான் போனேன்.

முதலில் தெலுங்கானா. சஹீராபாத் என்ற பட்டணத்துக்குப் பக்கத்தில் மச்சனூர் என்றொரு கிராமம். காய்ந்த பூமி. கம்பும் சோளமும் விளைகிற இடம். அங்கே 'சங்கம் ரேடியோ' என்று ஒரு வானொலி நிலையம். 2008 ஒக்டோபர் 15ஆம் திகதி தொடங்கியது. அதை நடத்துகிறவர்கள் தலித் பெண்கள், சிறு நிலத்தில் பாடுபடுகிறவர்கள். தக்காண அபிவிருத்திச் சங்கம் என்ற அமைப்பின் கீழ் ஊருக்கு ஊர் மாதர் சங்கம் வைத்திருக்கிறார்கள். அந்தச் சங்கங்களின் ரேடியோ என்பதால் சங்கம் ரேடியோ. நிலையத்தை முன்னின்று நடத்திய இரண்டு பெண்களுக்கும் நரசம்மா என்று ஒரே பெயர். அதனால் ஒருவரை ஜெனரல் நரசம்மா என்றும் மற்றவரை ஊர்ப் பெயர் சேர்த்து அல்கோல் நரசம்மா என்றும் அழைப்பார்கள்.

எனக்குத் தெலுங்கு தெரியாது. கூடப் படித்த பிள்ளை ஒருத்தி மொழிபெயர்த்துச் சொன்னாள். என்னைப் பிடித்துக்கொண்டது ரேடியோவைவிட, அந்த ரேடியோவுக்காக அவர்கள் காத்திருந்த காலம்தான். ஒலிப்பதிவு செய்யும் அறையும் கருவியும் 1990களின் கடைசியிலேயே கிடைத்துவிட்டன. ஒலிபரப்ப அனுமதி இல்லை. வானலை பொதுச்சொத்து என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1995இலேயே தீர்ப்புச் சொல்லியிருந்தது. ஆனால் கிராமத்து அமைப்புகளும் ரேடியோ நடத்தலாம் என்று அரசாங்கம் விதியை மாற்ற 2006 ஆகிவிட்டது. இந்த இடைப்பட்ட காலத்தில் இவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. விதை பற்றி, நாட்டு மருந்து பற்றி, பிள்ளைப்பேறு பற்றித் தங்கள் பேச்சிலேயே பதிவு செய்து, அந்தக் கெசட்டுகளைச் சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டார்கள். ரேடியோ இல்லாமலே பத்து வருடம் ரேடியோ நடத்தியிருக்கிறார்கள்.

அவர்கள் வீடியோப் படமும் எடுக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெண்களும் அதில் இருந்தார்கள். கெமராவை எந்தக் கோணத்தில் வைப்பது என்பதற்கு நாங்கள் வகுப்பில் பெரிய பெரிய சொற்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தோம். இவர்கள் தங்கள் வாழ்க்கையிலிருந்தே பெயர் வைத்துவிட்டார்கள். கெமரா மேலேயிருந்து கீழே ஆளைப் பார்த்தால் அது 'பட்டேல் ஷொட்'. பட்டேல் என்றால் அந்த ஊர்ப் பண்ணையார். அவர் அப்படித்தானே பார்ப்பார். கெமரா கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தால் அது 'அடிமை ஷொட்'. ஆளுக்கு நேராக, கண் மட்டத்தில் வைத்தால் 'சங்கம் ஷொட்'. சங்கத்தில் எல்லோரும் ஒரே பாயில் உட்காருவதால் அந்தப் பெயர்.

இதைக் கேட்டபிறகு மலையகத்தைப் பற்றி வந்த படங்களையெல்லாம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். சுற்றுலாப் பிரசுரத்தில், தேயிலைப் பெட்டியில், நாட்காட்டியில் எல்லாவற்றிலும் பச்சை மலைக்கு நடுவே புள்ளி புள்ளியாக நமது அம்மாமார். மேலே ரோட்டில் நின்று எடுத்த படம். துரை ஜீப்பில் இருந்து பார்க்கிற பார்வை. நாம் நமது பாடசாலை விழாவுக்கு எடுக்கிற படங்களைப் பாருங்கள், மேடையில் மாலை போட்டவர்களைக் கீழேயிருந்து அண்ணாந்து எடுக்கிறோம். அதற்கும் அவர்களிடம் பெயர் இருக்கிறது.

ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தியாவில் இந்தச் சமூக வானொலிகள் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்பக் கூடாது என்று விதி. பாட்டுப் பாடலாம், விதை பற்றிப் பேசலாம், செய்தி கூடாது. எது செய்தி, எது விதையைப் பற்றிய பேச்சு என்று யார் கோடு கிழிப்பது? விதை கிடைக்கவில்லை என்பது செய்தியில்லையா? நம் பக்கத்திலும் கொத்மலையில் 1989இலேயே ஒரு சமூக வானொலி தொடங்கினார்கள். வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆய்வாளர்கள் வந்து பார்த்துப் புத்தகம் எழுதினார்கள். ஆனால் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் நிலையம். அரசாங்கம் பிள்ளைக்குப் பேர் வைத்து, அரசாங்கமே தொட்டிலை ஆட்டுகிற மாதிரி.

அடுத்தது ராஜஸ்தான். இதை ஆற அமரச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தேவ்துங்கிரி என்ற சிற்றூரில் 1987இல் ஒரு மண் வீட்டில் மூன்று பேர் குடியேறினார்கள். ஒருவர் அருணா ராய், அரசாங்கத்தின் உயர் நிர்வாகப் பதவியை விட்டுவிட்டு வந்தவர். இன்னொருவர் சங்கர் சிங், பொம்மலாட்டமும் பாட்டும் கைவந்தவர். மூன்றாமவர் நிகில் டே என்ற இளைஞர். 1990 மே தினத்தன்று அப்பகுதிக் கூலியாட்களோடும் சிறு விவசாயிகளோடும் சேர்ந்து 'மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன்' என்று ஒரு சங்கம் அமைத்தார்கள். தொழிலாளர், விவசாயிகள் சக்திச் சங்கம் என்று பொருள்.

அது வறட்சிப் பிரதேசம். மழை பொய்த்தால் அரசாங்கம் குளம் வெட்டவும் ரோடு போடவும் கூலி வேலை கொடுக்கும். சட்டப்படி கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி கைக்கு வராது. கேட்டால் "நீ செய்த வேலை இவ்வளவுதான், மஸ்டர் ரோலில் அப்படித்தான் இருக்கிறது" என்பார்கள். மஸ்டர் ரோலைக் காட்டு என்றால் "அது அரசாங்க இரகசியம்" என்பார்கள். மஸ்டர் ரோல் என்றால் வேறொன்றுமில்லை, நம்ம செக்ரோல்தான்.

அதிகாரிகள் சிலர் மனது வைத்து அந்தக் காகிதங்களைப் பார்க்கக் கொடுத்தபோது சங்கத்தார் என்ன செய்தார்கள்? பத்திரிகைக்கு அனுப்பவில்லை, வழக்குப் போடவில்லை. 1994 டிசெம்பர் 2ஆம் திகதி கோட் கிரானா என்ற ஊரில் ஒரு பந்தலைப் போட்டு, சனத்தைக் கூட்டி, கணக்கை உரக்க வாசித்தார்கள். 'ஜன் சுன்வாய்' என்று அதற்குப் பெயர், மக்கள் விசாரணை. இன்னார் இத்தனை நாள் வேலை செய்தார், இவ்வளவு வாங்கினார் என்று வாசிக்க வாசிக்க, பெயருக்குரியவரே கூட்டத்தில் எழும்பி "நான் அந்தப் பக்கமே போகவில்லையே" என்கிறார். அந்த வருடத்திலிருந்து ஊரூராக நடந்த இப்படிப்பட்ட கூட்டங்களில், செத்துப்போனவர்களின் பெயரில் கூலி எடுத்தது தெரிய வந்தது. கட்டி முடிந்ததாக எழுதிய கட்டடம் கண்ணுக்கு முன்னால் அரைகுறையாக நின்றது. எழுத்துத் தெரியாத கிழவி ஒருத்திகூட அந்த வாசிப்பில் சாட்சிதான். தன் பெயர் தனக்குத் தெரியுமே.

பிறகு 1996 ஏப்ரலில் பியாவர் பட்டணத்தில் நாற்பது நாள் தெருவில் உட்கார்ந்தார்கள். கேட்டது கூலி உயர்வு இல்லை. கணக்கின் நகல். சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து தானியம் வந்தது, சந்தைக்காரர்கள் காய்கறி கொடுத்தார்கள். 'ஜன்சத்தா' பத்திரிகையின் ஆசிரியர் பிரபாஷ் ஜோஷி போன்றவர்கள் வந்து பார்த்து எழுதிய பிறகு தலைநகரத்துக்கு விஷயம் போனது. "எங்கள் பணம், எங்கள் கணக்கு" என்பதுதான் கோஷம். ராஜஸ்தானில் 2000ஆம் ஆண்டில் சட்டம் வந்தது, 2005இல் இந்தியா முழுமைக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. நான் போனபோது பஞ்சாயத்துக் கட்டடச் சுவரில், என்ன வேலைக்கு எவ்வளவு செலவு, யார் யார் வேலை செய்தார்கள் என்று பெயின்டால் எழுதியிருந்ததைப் பார்த்தேன். ஆடு மேய்க்கிற ஒரு பையன் நின்று எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தான். அவன் அப்பா பெயரைத் தேடினானாம்.

இதைக் கேட்கும்போது உங்களுக்கு என்ன நினைவு வருகிறது என்று தெரியாது. எனக்கு எங்கள் வீட்டுக் கலண்டர் நினைவு வந்தது. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. நான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது ஒவ்வொரு நாளும் பின்னேரம் வந்து, "இன்றைக்குக் காலையில் இத்தனை, பகலில் இத்தனை, அந்தியில் இத்தனை" என்று கிலோவைச் சொல்லுவார். நான் கலண்டரில் அந்தத் திகதிக்குக் கீழே பென்சிலால் எழுதுவேன். சாக்குக்கு இத்தனை, தண்ணிக்கு இத்தனை என்று மடுவத்தில் கழித்ததையும் எழுதுவேன். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் சம்பளத் துண்டில் இருப்பது ஒன்று, கலண்டரில் இருப்பது ஒன்று. அரைப்பேர் போட்ட நாட்களும் ஒத்துவராது. அம்மா ஒருநாள் கலண்டரையே கழற்றி எடுத்துக்கொண்டு கணக்கப்பிள்ளையிடம் போனார். "பிள்ளை விளையாட்டுக்கு எழுதினதையெல்லாம் கொண்டு வர்றியா?" என்று அனுப்பிவிட்டார். ஒரு வீட்டுக் கலண்டர் விளையாட்டுத்தான். ஐம்பது வீட்டுக் கலண்டரை அப்படிச் சொல்ல முடியுமா?

ராஜஸ்தானில் பிறந்த அந்தச் சட்டத்துக்கு நம் நாட்டிலும் ஒரு தம்பி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். அரசாங்க அலுவலகங்களிலும் அரசாங்கத் தோட்ட நிறுவனங்களிலும் உள்ள தகவலைக் கேட்கலாம். தமிழிலேயே கேட்கலாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் தகவல் உத்தியோகத்தர் அதை எழுதிக்கொள்ள வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. நமது சேமலாப நிதியைத் தோட்டம் கட்டியிருக்கிறதா என்று தொழில் திணைக்களத்திடம் கேட்கலாம். நாம் வசிக்கிற மலைக்கு மண்சரிவு ஆய்வு செய்தார்களா, அறிக்கை எங்கே என்று கேட்கலாம். தனியார் கம்பெனியின் செக்ரோலை இந்தச் சட்டம் நேரடியாகத் திறக்காது, அதற்குச் சங்கம் வேறு வழியில் போக வேண்டும். ஆனால் கம்பெனி அரசாங்கத்துக்குக் கொடுத்த காகிதம் அரசாங்க அலுவலகத்தில்தானே இருக்கிறது?

வடக்கே இன்னுமோர் இடத்துக்கு நான் போக முடியவில்லை, அவர்களுடைய பத்திரிகையைத்தான் பார்த்தேன். உத்தரப் பிரதேசத்தில் சித்ரகூட் மாவட்டத்தில் 2002இல் தொடங்கிய 'கபர் லஹரியா'. எழுதுகிறவர்கள் எல்லோரும் பெண்கள். தலித், முஸ்லிம், பழங்குடிப் பெண்கள். வளர்ந்த பிறகு எழுத்துப் படித்தவர்களும் அதில் உண்டு. அந்த வட்டாரத்துப் பேச்சு மொழியில் எழுதினார்கள். காலையில் செய்தி சேகரித்தவளே பிறகு பத்திரிகையைத் தோளில் போட்டுக்கொண்டு விற்கவும் போவாள். 2009இல் யுனெஸ்கோ எழுத்தறிவு விருது கிடைத்தது. விருதைவிட நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு. ஒருவன் மாதக்கணக்காக அந்தப் பெண்களுக்குத் தொலைபேசியில் அசிங்கமாகப் பேசித் தொல்லை கொடுத்தான். பொலிஸ் அசையவில்லை. 2015இல் அதையே அவர்கள் எழுதி வெளியிட்டார்கள். அதற்குப் பிறகுதான் ஆளைப் பிடித்தார்கள். பெண்பிள்ளை பேனாவைத் தூக்கினால் இதெல்லாம் வரும் என்பதைத் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும். பின்னாட்களில் அவர்களைப் பற்றி எடுத்த ஒரு விவரணப்படம் ஒஸ்கார் பரிந்துரை வரை போனது. அப்போதும் அவர்கள், படம் தங்கள் வேலையின் ஒரு பக்கத்தை மட்டும் காட்டிவிட்டது என்று 2022இல் வெளிப்படையாக அறிக்கை விட்டார்கள். உலகமே கைதட்டும்போது "இது முழுசா நாங்க இல்லை" என்று சொல்வதற்குத் தைரியம் வேண்டும்.

நடேசய்யரைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தஞ்சாவூரிலிருந்து கடல் கடந்து வந்து, தோட்டத்துக்குள் வெளியாள் நுழைய முடியாத காலத்தில் புடைவை வியாபாரிபோல உள்ளே போய் நிலைமையைப் பார்த்து எழுதியவர். 'தேசபக்தன்' பத்திரிகை நடத்தியவர். அவர் மனைவி மீனாட்சியம்மாள் பாட்டுக் கட்டி, பாடி, அச்சடித்துக் கொடுத்தவர். நமது முதல் தோட்டத் தொழிற்சங்கம் அவர்கள் கையால் 1931இல் வந்தது. பத்திரிகையும் சங்கமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான் நமக்கு. நடுவில் எப்படியோ பாகம் பிரித்துக்கொண்டார்கள்.

இனி மூணாறு. சங்கக் கூட்டத்தில் இதைப் பேசலாமா என்று யோசித்தேன். பேசத்தான் வேண்டும்.

மூணாறில் இறங்கினால் நமது ஊரில் இறங்கினதுபோல இருக்கும். அதே மலை, அதே லயம், அதே கொழுந்து வாசம். கேரளம் என்றாலும் கொழுந்து பறிக்கிறவர்கள் பேசுவது தமிழ். அவர்களுடைய பாட்டன் பாட்டியும் நமது பாட்டன் பாட்டிபோலத் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து மலையேறியவர்கள். கப்பல் ஏறவில்லை, அவ்வளவுதான். 2005இல் டாட்டா கம்பெனி பெரும்பகுதித் தோட்டத்தைக் கைவிட்டபோது, தொழிலாளர்களுக்கும் பங்கு கொடுத்துக் கண்ணன் தேவன் மலைத்தோட்டக் கம்பெனி அமைந்தது. தொழிலாளி பங்குதாரர் என்று கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? 2015இல் அந்தக் கம்பெனி, முந்தைய வருடம் 19 வீதமாக இருந்த போனஸை 10 வீதமாக்கியது. நாட்கூலி 232 ரூபாய், இந்தியக் காசு. செப்டெம்பரில் ஆயிரக்கணக்கான பெண்கள் மலையிலிருந்து இறங்கி மூணாறு நகரத்துக்கு நடுவில் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒன்பது நாள். எந்தச் சங்கமும் கூப்பிடவில்லை. சங்கத் தலைவர்கள் வந்தபோது பக்கத்தில் விடவில்லை, விரட்டினார்கள். தலைவர்கள் கம்பெனியோடு சேர்ந்துவிட்டார்கள், வீடும் சலுகையும் வாங்கிக்கொண்டு எங்களை விற்றுவிட்டார்கள் என்பது அந்தப் பெண்களின் குற்றச்சாட்டு. லிசி, கோமதி, இந்திராணி என்று முன்னுக்கு நின்றவர்கள் எல்லோரும் கொழுந்து பறிக்கிறவர்கள். 'பெம்பிளை ஒருமை', பெண்கள் ஒற்றுமை என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். கடைசியில் 8.33 வீத போனஸும் அதற்கு மேல் 11.67 வீத விசேட கொடுப்பனவுமாக, கேட்ட 20 வீதம் வந்தது.

நான் போனது அடுத்த வருடத் தொடக்கத்தில். என் பேச்சைக் கேட்டதும் "சிலோனா?" என்றார்கள். அம்மா வயது அக்கா ஒருவர் தேத்தண்ணி கொடுத்துவிட்டுப் பேசினார். ஒன்பது நாளும் டிவிக்காரர்கள் கூடவே இருந்தார்களாம். கூடையோடு நில்லுங்கள், கோஷம் போடுங்கள் என்று எடுத்தார்களாம். "தராசை யாராவது படம் எடுத்தாங்களா அக்கா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். இரவு விவாதங்கள் மலையாளத்தில். பாதி புரியுமாம், பாதி புரியாதாம். தங்களைப் பற்றிய விவாதத்தை, முழுசாகப் புரியாத மொழியில், லயத்து டிவியில் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அவர்கள் கேட்ட 500 ரூபாய் நாட்கூலி 301 ரூபாயில் முடிந்தபோது ரோட்டில் அத்தனை கெமரா இல்லை. போராட்டத்தில் முன்னுக்கு நின்றவர்களுக்குள் பிரிவு வந்தது. கோமதி உள்ளூராட்சித் தேர்தலில் வென்றார். நான் போனபோதே பழைய கூட்டம் இல்லை.

இதிலிருந்து சங்கமே வேண்டாம் என்று சிலர் முடிவு கட்டுவார்கள். சங்கம் இல்லாத தோட்டத்தில் துரை எப்படிப் பேசுவார் என்று அவர்கள் பார்த்ததில்லை. நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெண்களைப் பின்னால் இருந்து யாரோ தூண்டிவிட்டார்கள் என்று சொல்லித் தப்பிக்கவும் மாட்டேன். போனஸ் ஏன் குறைந்தது, பேச்சுவார்த்தை மேசையில் என்ன நடந்தது, யார் எதற்குச் சம்மதித்தார்கள் என்பதை மலைக்கு வந்து சொல்ல யாருமில்லை என்றால், மலையே இறங்கி வந்து கேட்கும். நமது தோட்டங்களிலும் சந்தா கட்டுகிறவர்கள் அதே கேள்வியை மனதுக்குள் வைத்திருக்கிறார்கள். இங்கே உட்கார்ந்திருக்கிற தலைவர்மாருக்கு இது தெரியும்.

நான் திரும்பி வந்து பாடசாலையில் சேர்ந்த பிறகு, 2020 ஓகஸ்ட் 6ஆம் திகதி இரவு, மூணாறுக்கு மேலே பெட்டிமுடியில் மண்சரிந்து லயங்களை இழுத்துக்கொண்டு போனது. எழுபது உயிர். மின்சாரம் இல்லாமல் தொலைபேசிக் கோபுரம் வேலை செய்யவில்லை. ஒரு செய்தி மலையிறங்கி வெளியுலகத்துக்கு வர அடுத்த நாள் காலை ஆகிவிட்டது. அந்த அடுத்த நாள் இரவே கோழிக்கோட்டு விமான நிலையத்தில் விமானம் விபத்துக்குள்ளானது. கேரள அரசாங்கம் விமானத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 இலட்சம் என்றது, பெட்டிமுடிக் குடும்பத்துக்கு 5 இலட்சம் என்றது. முதலமைச்சர் அங்கே மறுநாளே போனார், இங்கே ஒரு வாரம் கழித்து வந்தார். வந்தபோது வாகனத்தை மறிக்கப்போன கோமதியைப் பொலிஸ் பிடித்து அப்புறப்படுத்தியது. பழைய கூட்டம் கலைந்திருந்தாலும் அந்த ஒருத்தி நடுரோட்டில் நின்று கேட்டிருக்கிறாள்.

பெட்டிமுடியில் நடந்ததை என் கைத்தொலைபேசியில் பார்த்தபோது மீரியபெத்தைதான் நினைவு. இந்த முறையும் எண்ணிக்கைக்காகக் காத்திருந்தோம்.

சரி, நாம் என்ன செய்யப்போகிறோம் என்று கேட்பீர்கள். ரேடியோ நிலையம் கட்ட நம்மிடம் காசில்லை. நம்மிடம் இருப்பது இந்தப் பத்திரிகை, மாதத்தில் ஒருநாள் கூட்டம், எழுதத் தெரிந்த பிள்ளைகள். கல்விப் பிரிவில் பேசி மூன்று காரியம் தீர்மானித்திருக்கிறோம். டிவிசனுக்கு இரண்டு பெண்கள் பத்திரிகைக்கு நிருபராக இருப்பார்கள். அவர்கள் பெயரைப் போட மாட்டோம், செய்திக்குச் சங்கம் பொறுப்பு. வேலையில் பழிவாங்கினால் அது சங்கத்தின் வழக்கு. ஒவ்வொரு மாதமும் நிறைக் கணக்குக்கு ஒரு பக்கம் ஒதுக்குகிறோம். எந்த டிவிசனில் எத்தனை கிலோ கழித்தார்கள், எத்தனை அரைப்பேர் போட்டார்கள் என்று பெயர் குறிப்பிடாமல் எண்ணிக்கை மட்டும் வரும். மூன்றாவது, சங்கம் ஒரு பேச்சுவார்த்தைக்குப் போய்வந்தால், என்ன கேட்டோம், என்ன கிடைத்தது, எதை விட்டுக்கொடுத்தோம் என்பதை அடுத்த கூட்டத்தில் எழுத்தில் வைத்து வாசிக்க வேண்டும். இந்த மூன்றாவதற்குத் தலைவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். பெரும்பான்மையாகத் தீர்மானம் நிறைவேறிவிட்டது.

முதல் வாசிப்பு அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை, கோவில் மண்டபத்தில், காலை 9 மணிக்கு. கடைசி மூன்று மாதச் சம்பளத் துண்டுகளைக் கொண்டு வாருங்கள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, தண்ணி பட்டு அழிந்திருந்தாலும் பரவாயில்லை. கலண்டரில் எழுதி வைத்தவர்கள் கலண்டரையே கழற்றி வரலாம். எழுதித்தர எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேர் இருப்பார்கள். பிள்ளைகள் நன்றாகக் கூட்டல் செய்வார்கள், நானே சொல்லிக்கொடுத்தது. தேத்தண்ணி சங்கம் போடும், சீனி மட்டும் யாராவது கொண்டு வாங்க.